ஒன்றரை மீட்டர் வெளிச்சம்

பதினோராம் எண் டிராமைச்
சால்ட்ஹோல்மன் கடல்முனைவரை ஓட்டி முடித்து
வீடு திரும்புகிறபோது
காதில் மிச்சமிருப்பது
மேலே கம்பியில் ஓடுகிற மின்சாரத்தின் முனகல்.
வீட்டிலும் ஒரு முனகல் காத்திருந்தால்
யாரிடம் போய்ச் சொல்வது?

டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குச்
செம்புக் கம்பி ஒன்று போயிற்று.
அதன் வழியே செல்லோ வரும்.
கூடவே
அழைக்காத விருந்தாளியாய்
ம்ம்ம்ம் என்று ஒன்று வந்து
சோபாவில் எனக்கு முன்பே காலை நீட்டிக்கொள்ளும்.

எர்த் கோளாறு, குன்னெல், என்றான் சிக்ஸ்டன்.
ஆப்டிகல் கேபிள் வாங்குவோம்,
வெளிச்சத்துக்கு முனகத் தெரியாது.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
மறுநாள் சாப்பாட்டு மேசையில்
வெண்ணெய்க் கிண்ணத்தில் சாய்த்துவைத்த விலைப்பட்டியல்:
இருநூற்றெண்பது கண்ணாடி இழைகள்,
தங்க முலாம் பூசிய முனை,
இரண்டாயிரத்து நானூறு க்ரோனா.
வெளிச்சத்துக்குத் தங்கம் எதற்கு என்றேன்.
அதைச் சூரியனிடம் கேள் என்றான்.

கடையில் ரோஜ்டா என்று ஒரு பெண்.
ஒரு காதில் மட்டும் ஐந்து வளையம்.
எங்கள் வாதத்தைப் பாதி கேட்டதும்
இரண்டு கேபிள்களைப் பிரித்தாள்.
ஒரு முனையைப் பெட்டியில் செருகி
மறு முனையை என் உள்ளங்கைக்கு நேரே பிடித்தாள்.
மிளகளவு சிவப்பு.
இன்னொரு கையில் இன்னொன்று.
அதே மிளகு, அதே சிவப்பு.
எது தங்கம், சொல்லுங்கள் என்றாள்.
சிக்ஸ்டன் குனிந்தான்,
மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான், மாட்டினான்,
நெடுநேரம் யோசித்து
தப்பான கையைத் தொட்டான்.

ஐந்து மீட்டரைத் தாண்டினால்தான் கவலை,
உங்களுக்கு ஒன்றரை போதும்.
வந்தால் முழுதாக வரும், கெட்டால் வெட்டி வெட்டி நிற்கும்,
கொஞ்சம் கூடுதல் இனிமையாக வருவது என்று ஒன்று கிடையாது.
இறுக்கி மடித்துவிடாதீர்கள்,
வெளிச்சம் மூலையில் முட்டி அங்கேயே நின்றுபோகும்.

திருப்பம் பற்றி எனக்கா சொல்கிறாய் பெண்ணே.
ஸ்டிக்பெர்க் சரிவில்
ஈரத் தண்டவாளத்தில்
நிறைமாதக்காரியை நடத்துவதுபோல
ஒரு டிராமை நடத்திக் கூட்டி வருகிறவள் நான்.

எண்பத்தொன்பது க்ரோனா.
நான்தான் கொடுத்தேன்.
வழியெல்லாம் சிக்ஸ்டன் பேசவில்லை.
அந்த மௌனத்திலும்
ஒரு எர்த் கோளாறு.

செருகினோம்.
முனகல் இல்லை.
செல்லோவும் இல்லை.
சிக்ஸ்டன் முகத்தில்
இரண்டாயிரத்து நானூறு க்ரோனா மெல்ல மலர்ந்தது.

அலமாரிக்குப் பின்னால் மல்லாந்து படுத்து
தூசியையும்
உமியோவுக்குப் படிக்கப் போகுமுன் டூவா தொலைத்த
ஒற்றைக் காலுறையையும் தாண்டித் தடவினேன்.
கேபிள் பாதிதான் உள்ளே போயிருந்தது.
முனையில் நகத்தளவு ரப்பர் தொப்பி.
கழற்ற மறந்துவிட்டோம்.
மறந்துவிட்டோம் என்று பன்மையில் எழுதுகிறேன்.
செருகியது அவன்.

க்ளிக்.

முதலில் வந்தது இசையில்லை.
இத்தனை நாள் முனகலின் எடையில்
நசுங்கிக் கிடந்த வெற்றிடம்.
பிறகு அதற்குள்
வில் நரம்பைத் தொடுமுன்
வாசிக்கிறவர் மூக்கால் இழுத்த மூச்சு.
எங்கோ ஒரு மண்டபத்தில் யாரோ இழுத்த மூச்சு
எங்கள் ஹாலில் விடப்படாமல் நிற்க
நாங்களும் விடாமல் நின்றோம்.

முதல் பகுதி முடிகிறவரை
சிக்ஸ்டன் அசையவில்லை.
முடிந்ததும் சமையலறைப் பக்கம் தலையைச் சாய்த்தான்.
உனக்குக் கேட்கிறதா?
ஃப்ரிட்ஜ் முனகுகிறது.

கேட்டது.
கீழ் வீட்டில் யாரோ கரண்டி கழுவுவதும்,
வெகு தூரத்தில்
என் கூட்டாளி யாரோ
கடைசி வண்டியை டிப்போவுக்குள் திருப்புவதும்.

ரப்பர் தொப்பி இப்போது
சீருடைப் பையில், சாவிகளோடு.
சிக்னலில் நிற்கும்போது
விரல் தானாக அதைத் தேடிப் போகிறது.